பராந்தகன் கல்வெட்டும் ஜனவரி 14-உம்

கல்வெட்டில் ஒரு தேதியைப் பார்த்ததும் கைபேசிப் பஞ்சாங்கத்தில் போட்டு, "இன்றோடு இத்தனை ஆண்டு" என்று பதிவு எழுதுவது பெருகிவிட்டது. ஆர்வம் நல்லதுதான். ஆனால் தேதியைச் சரிபார்க்கக் கல்வெட்டே வழி வைத்திருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை.

பழைய தென்னார்க்காட்டில் கிராமம் என்பதே பெயரான ஓர் ஊர். அங்கே சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 36-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு: கலியாண்டு 4044, கலிநாள் (கலியுகம் தொடங்கியதிலிருந்து எண்ணிவரும் நாள்) 14,77,037, மகர மாதம் (தை), சனிக்கிழமை, ரேவதி நட்சத்திரம். கலியின் முதல் நாள் வெள்ளி. நாள் எண்ணை 7-ஆல் வகுங்கள், மீதி 2. மீதி 1 என்றால் வெள்ளி, 2 என்றால் சனி. ஓர் இலக்கம் பிசகியிருந்தாலும் பெரும்பாலும் கிழமையே காட்டிக்கொடுத்திருக்கும். சந்திரனும் அன்று ரேவதியில்தான். கி.பி. 943 ஜனவரி 14. பராந்தகன் பட்டமேற்றது 907 என்பது இப்படித்தான் உறுதிப்படுகிறது.

இங்கே வழுக்கும் இடங்கள் இரண்டு. 4044-இல் 3101-ஐக் கழித்து, 943 சித்திரையில் பிறந்த ஆண்டு என்று எடுத்தால் மகரம் 944 ஜனவரிக்குப் போய்விடும். 4044 அப்போது நடந்துகொண்டிருந்த ஆண்டு, முடிந்த ஆண்டுகள் 4043; ஆகவே அது பிறந்தது 942-இல். அடுத்தது, ஜனவரி 14 என்றதும் "அட, பொங்கலன்று!" என்று துள்ளுவது. அது பழைய ஜூலியன் நாட்காட்டித் தேதி. இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியனில் ஜனவரி 19. அந்நாளில் மகரம் டிசம்பர் கடைசி வாரத்திலேயே பிறந்துவிடும், ஆகவே தை பிறந்து ஏறக்குறைய மூன்று வாரம் ஆகியிருந்தது. நட்சத்திரங்களை வைத்து அளக்கும் நம் நிராயன ஆண்டு, பருவங்களை ஒட்டிய ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். அந்த இருபது நிமிடம் சேர்ந்து சேர்ந்துதான் தை முதல் நாள் இன்று ஜனவரி நடுவில் வந்து நிற்கிறது.

கலிநாள் தரும் கல்வெட்டுகள் அபூர்வம். பெரும்பாலானவற்றில் ஆட்சியாண்டு, மாதம், கிழமை, நட்சத்திரம், சிலவற்றில் பக்கமும் திதியும். மாதமும் நட்சத்திரமும் கிழமையும் சராசரியாக ஏழாண்டுக்கு ஒருமுறை பொருந்திவிடும். ஆகவே ஒற்றைக் கல்வெட்டை வைத்து அடித்துச் சொல்லக் கூடாது. ஒரே அரசனின் பல கல்வெட்டுகளும் ஒருசேரப் பொருந்தும் இடைவெளியைத் தேட வேண்டும். கல்வெட்டுத் தேதிகளை ஆராய்ந்த ஜெர்மன் அறிஞர் கீல்ஹார்ன், ராஜராஜனின் ஆட்சித் தொடக்கத்தை 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் நிறுத்தியது அந்த வழியில்தான். பாண்டியர் கல்வெட்டில் "2-ஆவதின் எதிர் 13-ஆவது" என்றிருந்தால் கூட்டி 15 என்று கொள்ள வேண்டும். 13 என்று எடுத்துக்கொண்டு கணக்கு உதைக்கிறது என்பவர்களும் உண்டு.

நட்சத்திரம் ஒரு நாள் தள்ளி வந்தால் உடனே கல்லைக் குறை சொல்லாதீர்கள். அன்றைய சித்தாந்த நூல்களின் கணக்குக்கும், இன்றைய வானியல்படி கணிக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும். நட்சத்திரம் சூரிய உதயத்தை ஒட்டி முடிந்தால் நாளே மாறிவிடும்.

தஞ்சையில் ராஜராஜனுக்கு ஐப்பசி சதயத்தில்தான் விழா. பராந்தகன் கல்வெட்டுக்கு ஆண்டு நிறைவு எழுதுவதானால் தை ரேவதியில் எழுதுங்கள்.