எறியவில்லை, கொடுக்கிறாள்

இரண்டு நாளாக எழுதுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று காலையும் மூன்று பேர் அதே பதிவை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

எந்தப் பதிவு என்று சொல்லத் தேவையில்லை. கிளினிக் வரிசையில் நின்ற ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் படம் எடுத்து, முகத்தில் ஒரு வட்டத்தைப் போட்டு, "வயிற்றில் இருக்கும்போதே பிள்ளையைத் தூக்கி எறிய நாள் குறித்த தாய்" என்று தலைப்பு வைத்தார்களே, அதுதான். முகத்தை மறைத்துவிட்டார்களாம். என்ன ஒரு ஊடக தர்மம்! ஊர் இருக்கிறது, எத்தனையாம் மாதம் என்று இருக்கிறது, அவளின் அப்பா என்ன தொழில் செய்கிறார் என்பதுகூட இருக்கிறது. இதற்கு மேல் முகம் எதற்கு?

அவள் எறியவில்லை. சுவீகாரத்துக்குக் கொடுக்கிறாள். இந்த இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்குப் பக்கம் நடத்த யார் அனுமதி கொடுத்தது?

தனக்குப் பிறக்கப்போகும் பிள்ளையைத் தன்னால் வளர்க்க ஏலாது என்று ஒருத்தி முதலே சொல்கிறாள். குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது மிட்வைஃபிடம் சொல்கிறாள், அவர் மூலமாக, சிறுவர் விடயங்களைப் பார்க்கிற நன்னடத்தை உத்தியோகத்தரிடம் போய் உட்கார்ந்து கதைக்கிறாள். பிள்ளையைச் சுவீகாரம் கொடுக்க மகவேற்புச் சட்டம் என்று ஒன்று இலங்கையில் 1941ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. கடைசி முடிவு நீதிமன்றத்தில்தான். தாய் விளங்கித்தான் சம்மதிக்கிறாளா, பிள்ளைமேல் இருக்கிற உரிமை நிரந்தரமாகப் போகும் என்று தெரியுமா, யாராவது காசு கைமாற்றினார்களா என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்க வேண்டும். எறிகிறவள் இவ்வளவு படி ஏறி இறங்குவாளா?

"திட்டம் போட்டுச் செய்கிறாள், அதுதான் கொடுமை" என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். ஐயா, சாமத்திய வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு முதலே ஹோல் பதிந்து, ட்ரோன் கமராவுக்கு அட்வான்ஸ் கொடுக்கிற ஊர் நம்முடையது. பிள்ளையின் ரியூசனை ஐந்து வயதில் திட்டமிடுகிறோம், வெளிநாட்டை பத்து வயதில் திட்டமிடுகிறோம். ஒரு பிள்ளை யார் மடியில் வளரப்போகிறது என்று பெற்றவள் யோசித்தால் மட்டும் கல்நெஞ்சு!

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். 2012இல் என் வீட்டு மேலறையில் ஒரு பிள்ளை வாடகைக்கு இருந்தாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "ஊரை மட்டும் போடாதீங்கோ அக்கா" என்றாள். போடவில்லை. (நீயும் அவளைச் சந்திக்கு இழுக்கிறாய்தானே என்று கேட்க வருகிறவர்களுக்கும் இதுதான் பதில்.)

அவள் கர்ப்பமாக இருந்தது ஐந்தாம் மாதம் வரை எனக்குத் தெரியாது. தெரிந்ததும் நான் என்ன செய்தேன்? உங்களைப்போலத்தான். ஏசினேன். அந்தப் பெடியனைக் கூப்பிட்டுக் கல்யாண எழுத்து எழுத வைக்கலாம் என்றேன். அவன் அதற்குள் நாட்டிலேயே இல்லை. அதன் பிறகு என் மூளையில் உதித்த யோசனை இன்னும் மோசம். என் மச்சாளுக்குக் கல்யாணமாகி பதினொரு வருடம், பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் மச்சாளின் பெயரைக் கொடுத்துப் பிள்ளையைப் பெற்று, நேராக அவளின் பெயரிலேயே பதிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். மச்சாளும் ஓம் என்றாள். நான் பெரிய புண்ணியம் செய்கிறேன் என்ற நினைப்பு. எங்கள் பகுதி மிட்வைஃப் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "அக்கா, இது களவு. பிறகு அந்தப் பிள்ளை தன்ர பிறப்புப் பத்திரத்தையே நம்ப ஏலாது" என்றார்.

மேலறைப் பிள்ளையோ ஏற்கெனவே முடிவெடுத்திருந்தாள். அவளிடம் ஒரு நாற்பது பக்கக் கொப்பி இருந்தது. நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டியதை அதில் நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தாள். பிள்ளையைப் படிப்பிப்பினமோ? நான் ஒருக்கா பால் குடுக்கலாமோ? பேரை நான் வைக்கலாமோ? பிறகு எனக்கு மனம் மாறினா ஆரிட்டச் சொல்ல வேணும்? கடைசிக் கேள்வியை எழுதி, வெட்டி, திரும்பவும் எழுதியிருந்தாள்: பெரிசாகி என்னைத் தேடினா என்ன சொல்லுவினம்?

மச்சாள் கதையை நான் எடுத்தபோது சொன்னாள்: "உங்கட மச்சாள் நல்லவா அக்கா. ஆனா ஒவ்வொரு திருவிழாவுக்கும் கோயிலடியில என்ர பிள்ளையை நான் தூர நின்று பார்க்க ஏலாது. பிள்ளைக்குப் பேப்பர் சரியா இருக்கோணும்."

இருபத்திரண்டு வயது அவளுக்கு. எனக்கு நாற்பது.

சரி, வாதங்களுக்கு வருகிறேன். "இது வெள்ளைக்காரன் பழக்கம், எங்கட பண்பாடு இல்லை." 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை எடுத்துப் பாருங்கள். மஞ்சள் தண்ணி குடித்துப் பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கிற வழக்கம் அதிலேயே இருக்கிறது. காணி வழக்கு என்றால் மட்டும் தேசவழமை ஞாபகம் வருகிறவர்களுக்கு இது ஞாபகம் வராது.

"பிள்ளை வியாபாரம் நடக்கும்." இது நியாயமான பயம், நான் சிரிக்க மாட்டேன். எண்பதுகளில் இந்த நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். பெற்ற தாய் என்று வேறு பெண்களை நடிக்க விட்டுக் கொடுத்த கதைகள் 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்றில் வந்து, இங்கே அமைச்சரே ஒத்துக்கொண்டார். அதில் களவு போனது எது? தாயின் வாய். அவளைக் கேட்காமல் அவளுக்காக யாரோ பேசினார்கள். இன்றைக்கு ஒருத்தி தானே வந்து, தன் வாயால், அரச உத்தியோகத்தர் முன்னால் சொல்கிறாள். அவளையும் பிடித்துச் சந்தியில் நிறுத்தினால் அடுத்தவள் எங்கே போவாள்? தரகரிடம்தான்.

"வறுமை என்றால் உதவி செய்து பிள்ளையைத் தாயோடு விடலாமே." விடலாம். அவளுக்கு விருப்பமென்றால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். எத்தனை பேர் உதவினீர்கள்? அந்தப் பதிவுக்குக் கீழே முந்நூறுக்கு மேல் கொமென்ட். ஒன்றில்கூட "பிள்ளைக்கு என்ன தேவை" என்று இல்லை.

"கலைத்திருக்கலாம்" என்று எழுதிய புத்திசாலிக்கு: தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் இங்கே சட்டம் விடுகிறது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. போய் வாசியுங்கள்.

ஆம்பிளையைப் பற்றி யாருமே கேட்கவில்லை, கவனித்தீர்களா? கல்யாணம் முடிக்காத தகப்பனின் பெயர் பிறப்புப் பதிவில் ஏற வேண்டுமென்றால் அவரும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். அவர் வராவிட்டால் அந்த இடம் சும்மா கிடக்கும். அவருக்கு மறைய ஒரு வெற்றுக் கட்டம் இருக்கிறது. இவளுக்கு முகத்தில் ஒரு வட்டம்.

எறிந்தவள், கொடுத்தவள் என்று தொடக்கத்தில் பெரிதாகப் பிரித்து எழுதினேன். இப்போது அதுவும் சரியாகப் படவில்லை. பற்றைக்குள் பிள்ளையை வைத்துவிட்டுப் போனவளும் ஒரு காலத்தில் கிளினிக் வாசல் வரை வந்து, அங்கே நின்ற சனத்தைப் பார்த்துத் திரும்பிப் போனவளாக இருக்கலாம். அவளையும் என்னால் ஏச முடியவில்லை. நீங்கள்தான் எனக்குப் பதிலாக வேண்டிய மட்டும் ஏசிவிட்டீர்களே.

இதை வாசிக்கிற யாராவது அந்த நிலையில் இருந்தால், 1938 பெண்களுக்கான இலக்கம், 1929 சிறுவர்களுக்கானது. அல்லது உங்கள் பகுதி மிட்வைஃபிடம் போங்கள். எல்லா இடத்திலும் கமராவோடு ஆள் நிற்பதில்லை.

என் மேலறைப் பிள்ளைக்கு மகன் பிறந்தான். ஒருக்கா பால் கொடுத்தாள். கடையில் வாங்கி, மடித்து, இரண்டு மாதமாகத் தலைமாட்டில் வைத்திருந்த மஞ்சள் துவாயில் சுற்றித்தான் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் மேலே விளக்குப் போடவில்லை. நான் பிட்டைக் கொண்டுபோய்க் கதவடியில் வைத்துவிட்டு வருவேன். காலையில் கோப்பை கழுவிக் கவிழ்த்துக் கிடக்கும். சாப்பிட்டாளா கொட்டினாளா என்று நான் கேட்டதில்லை.

மச்சாள் அதற்குப் பிறகு என்னோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. பிறகு கதைத்தாள், ஆனால் பழையபடி இல்லை. அவளின் ஆசையை நான் கிளப்பிவிட்டு நடுவில் கைவிட்டேன், அது என் பிழைதான். ஆனால் நேற்று இரவு அந்தப் பதிவின் கீழே இறங்கிக்கொண்டே போனால், "இவளெல்லாம் ஒரு தாயா, தூ" என்று மச்சாளின் பெயரில் கிடக்கிறது. பக்கத்தில் பூசை மேடைப் படம்.

மச்சாள், நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். அன்றைக்கு அந்தப் பிள்ளை ஓம் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு உங்கள் வீட்டில் ஒரு பெடியன் இருந்திருப்பான். அவனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை எழுதியிருப்பீர்களா? பதிலை இங்கே போடாதீர்கள். இரவு எட்டுக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன், கோல் எடுங்கோ.