மோரியாவைக் காலி செய்தது ஓர்க்குகள் அல்ல

"ஓர்க்குகள் படையெடுத்துக் குள்ளர்களை மோரியாவிலிருந்து துரத்தின" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மோரியா என்பது குள்ளர் இனம் மலைக்கடியில் குடைந்த நகரம்; ஓர்க்குகள் கொடிய அரக்க இனம். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையுலகில் அப்படி இல்லை. குள்ளர்கள் மித்ரில் என்ற அரிய உலோகம் தேடி ஆழமாகத் தோண்டியபோது பால்ரோக் என்ற நெருப்புப் பூதம் விழித்துக்கொண்டது. அந்தக் கதையின் காலக்கணக்கில் மூன்றாம் யுகம் 1980-இல் அது குள்ளர் அரசன் டூரினைக் கொன்றது. அடுத்த ஆண்டு அவர் மகன் நாயினும் மாண்டார், குள்ளர்கள் ஓடிப்போனார்கள். ஓர்க்குகள் அங்கே குடியேறத் தொடங்கியதே ஏறக்குறைய 500 ஆண்டுகள் கழித்து, கதையின் தீய தலைவன் சௌரானின் ஏவலில். அதாவது ஏற்கெனவே பாழடைந்த இடத்தில்.

ஆனால் ஓர்க்குகள் பிறகு செய்த கொடுமையும் குறைவில்லை. 2989-இல் மோரியாவை மீட்கப் போன பாலின் என்ற குள்ளர் ஐந்தே ஆண்டில் இறந்தார். மோரியா வாசலுக்கு வெளியே இருக்கும் கண்ணாடி ஏரியைத் தனியாகப் பார்க்கப் போனவரை, கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஓர்க் ஒன்று எய்து கொன்றது. அவருடன் போன ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. இந்த இரண்டு அழிவுகளையும் தயவுசெய்து ஒன்றாகக் குழப்பாதீர்கள்.