400 யென் சோற்று உருண்டை

போன மாதம், நான் வழக்கமாகப் போகும், ஒனிகிரி என்கிற ஜப்பானியச் சோற்று உருண்டை விற்கும் கடையின் கதவில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. கையால் எழுதிய நான்கு வரி. அரிசி விலை ஏறிவிட்டதால் உருண்டைக்கு 50 யென் கூட்ட வேண்டியதாகிவிட்டது, தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். 350 ஆக இருந்தது 400 ஆகிவிட்டது. அலுவலக வேலையாகச் சென்னையிலிருந்து டோக்கியோ வந்திருந்த தம்பி ஒருவர் அன்று என்னோடு இருந்தார். தாளில் இருப்பதைப் படித்துச் சொன்னதும், "அண்ணா, ஸ்டேஷன் பக்கத்து கொன்பினியில் இதே உருண்டை 180 யென்தானே? உள்ளே சோறும் ஊறுகாயும்தானே இருக்கு?" என்றார். கொன்பினி என்றால் செவன் லெவன் மாதிரிச் சின்னப் பல்பொருள் கடை.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கடையில் உட்கார்ந்து விவாதம் செய்ய முடியாது. மொத்தமே ஏழு நாற்காலி, வெளியே ஆட்கள் நிற்கிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த 400 யென் அதிகமே இல்லை என்பதுதான் என் கட்சி.

கடை டோக்கியோவில் அசகுசா பக்கம் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை, அந்தச் சின்னத் தெருவில் வரிசை நீண்டால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தொந்தரவு. வயதான கணவன் மனைவி இருவர் மட்டும் நடத்துகிறார்கள். உருண்டை பிடிப்பது அந்த அம்மா, டெம்புரா பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி அவர் கணவருடையது. வாடிக்கையாளர்கள் கணவரை 'தாய்ஷோ' (முதலாளி) என்றும் அம்மாவை 'ஒகாமி-சான்' (கடைக்கார அம்மா) என்றும் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஒனிகிரி என்றதும் நம் ஆட்கள் பலர் சுஷி என்று நினைத்துக்கொண்டு, 'ஐயோ பச்சை மீனா' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சுஷிச் சோற்றில் வினிகர் கலப்பார்கள். ஒனிகிரியில் வினிகர் கிடையாது. சூடான வெறும் சோறு, உப்பு, நடுவில் கொஞ்சம் தொடுகறி, வெளியே நோரி என்கிற கடற்பாசித் தாள், அவ்வளவுதான். தொடுகறி பெரும்பாலும் சமைத்ததோ ஊறப்போட்டதோதான். வறுத்த சால்மன் இருக்கும், கொம்பு என்கிற கடற்பாசியைச் சோயாவில் சுண்ட வைத்தது இருக்கும், உமேபோஷி இருக்கும். உமேபோஷி என்பது உமே என்கிற ஜப்பானியப் பிளம் காயை உப்பில் ஊறவைத்து வெயிலில் காயவைத்தது. வாயில் வைத்ததும் உப்பு நார்த்தங்காயின் ஞாபகம் வரும், புளிப்பு மட்டும் அதைவிட ஒரு படி மேலே.

சரி, வேலையைப் பார்ப்போம். அடுப்பிலிருந்து இறங்கிய சோற்றை அந்த அம்மா ஒரு மரத்தொட்டிக்கு மாற்றுகிறார். அதிகப்படி ஈரத்தை மரம் இழுத்துக்கொள்ளும். நாம் சொன்னதும் கையைத் தண்ணீரில் நனைத்து, விரல் நுனியால் உப்பை எடுத்து உள்ளங்கை முழுக்கத் தடவிக்கொள்கிறார். உப்பு சோற்றுக்குள் போவதில்லை, கையில்தான் இருக்கிறது. அதனால்தான் முதல் கடியில் உப்பு நாக்கில் படுகிறது, உள்ளே போகப் போகச் சோற்றின் இனிப்பு வருகிறது. ஆவி பறக்கும் சோற்றைக் கையில் வாங்கி, நடுவில் ஒரு குழி, அதில் தொடுகறி, மேலே கொஞ்சம் சோறு. அப்புறம் ஒரு கை கூரை மாதிரி வளைந்து மூலை பிடிக்கிறது, மறு கை கீழே தாங்குகிறது. திருப்பி ஒரு அழுத்து, மறுபடி திருப்பி ஒரு அழுத்து. மூன்று நான்கு அழுத்தில் முக்கோணம் வந்துவிடுகிறது.

சூட்சுமம் அந்த அழுத்தத்தில்தான். இறுக்கிப் பிடித்தால் களி உருண்டை ஆகிவிடும், தளர்த்தினால் கையிலேயே உதிரும். வெளிப்பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு, உள்ளே பருக்கைக்கும் பருக்கைக்கும் நடுவில் காற்று இருக்க வேண்டும். அவர் பிடித்ததைத் தூக்கும்போது முழுசாக வருகிறது, வாய்க்குள் போனதும் பருக்கை பருக்கையாகப் பிரிகிறது. நானும் வீட்டில் எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன், இது வரவில்லை. அந்த அம்மாவின் உள்ளங்கை எப்போதும் சிவந்தே இருக்கிறது.

நோரிக்கும் ஒரு கணக்கு உண்டு. சூட்டில் வாட்டிய தாள் மொறுமொறுப்பாக இருக்கும். சோற்றின் ஆவி பட்டதும் ஈரம் வாங்கிச் சில நிமிடங்களில் துவண்டுவிடும். கொன்பினி உருண்டை இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. செவன் லெவன் 1978இல் சோற்றுக்கும் நோரிக்கும் நடுவே பிளாஸ்டிக் உறை வைத்த உருண்டையைக் கொண்டுவந்தது. சாப்பிடும்போது உறையை உருவினால் நோரி மொறுமொறுவென்று இருக்கும். அருமையான யோசனை, நானே காலை ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் எத்தனை நாள் அதைச் சாப்பிட்டிருக்கிறேன்! ஆனால் அந்தச் சோறு குளிர்ந்தது, பிடித்தது இயந்திரம். அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை பேசுவது சரியில்லை.

அரிசிக்கு வருகிறேன். 2025 மே மாதம் ஜப்பான் சூப்பர் மார்க்கெட்டுகளில் 5 கிலோ அரிசியின் சராசரி விலை 4,200 யென்னைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு. அரசாங்கம் அவசரக் கையிருப்பைத் திறந்துவிட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் வேளாண் அமைச்சர் தாக்கு எத்தோ, தான் அரிசி விலைகொடுத்து வாங்கியதே இல்லை, ஆதரவாளர்களே நிறையக் கொடுக்கிறார்கள் என்று பேசி, பதவியை விட்டே விலக நேர்ந்தது. சோறு என்றால் இந்த ஊரில் அவ்வளவு ரோஷம். அரிசி விலை அப்படி ஏறிய பிறகு, சோற்றை மட்டுமே நம்பிப் பிழைக்கும் ஏழு நாற்காலிக் கடை 50 யென் கூட்டிவிட்டு, அதற்கும் மன்னிப்புக் கேட்டு எழுதி ஒட்டுகிறது. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

இனி டெம்புரா. 'ஜப்பான்காரன் பஜ்ஜி' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பஜ்ஜியில் ருசியே கடலை மாவில் இருக்கிறது. மிளகாய்த்தூள், பெருங்காயம் எல்லாம் மாவோடு சேர்ந்து பேசும். டெம்புரா மாவு தன்னைக் காட்டிக்கொள்ளவே கூடாது. பசைத்தன்மை குறைந்த கோதுமை மாவு, முட்டை, ஐஸ் போட்ட தண்ணீர். நன்றாகக் கலக்கினால் பசை வந்து தோல் தடித்துவிடும் என்பதால், தடித்த குச்சியால் நாலு இடி இடித்துக் கட்டியோடு அப்படியே விட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கும் காய் தன் ஈரத்திலேயே வெந்துகொள்ளும், மாவு வெளியே ஒரு மெல்லிய சட்டை மாதிரி நிற்கும்.

தாய்ஷோ இறாலின் அடிவயிற்றில் நாலைந்து கீறல் போடுகிறார், சட்டியில் சுருளாமல் நேராக நிற்பதற்காக. வால் நுனியை வெட்டி, கத்தி முனையால் அதிலுள்ள தண்ணீரை வழித்துவிடுகிறார். இல்லாவிட்டால் எண்ணெய் தெறிக்கும். காயைப் போட்டதும் பெரிய குமிழிகளோடு சலசலவென்று சத்தம் வரும். ஈரம் வற்ற வற்றக் குமிழி சிறுத்து, சத்தம் மெலிந்து கணீரென்று ஆகும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வேலை பார்த்தாலும் காது சட்டியில்தான் இருக்கும். சத்தம் மாறியதும் எடுத்துவிடுவார்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு வந்த பொரிக்கும் முறைதான் இப்படி ஆனது என்பார்கள். டோக்கியோவுக்கு 'எதோ' என்று பெயர் இருந்த காலத்தில் தீ விபத்துக்குப் பயந்து வீட்டுக்கு வெளியே தள்ளுவண்டிகளில் பொரித்துக் குச்சியில் செருகி விற்றார்கள், கூலி வேலை செய்தவர்கள் நின்றபடியே சாப்பிட்டார்கள். இன்று டோக்கியோவின் பணக்காரக் கடைவீதியான கின்சாவில் ஒருவேளை டெம்புராவுக்குப் பல ஆயிரம் யென் வாங்குகிறார்கள். அந்தக் கலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒனிகிரியும் டெம்புராவும் உழைத்துப் பசித்தவர்களின் சாப்பாடாக வளர்ந்தவை. அவை இரண்டும் அந்த முகத்தோடு இன்னும் உயிரோடு இருப்பது இப்படிப்பட்ட சின்னக் கடைகளில்தான் என்பது என் எண்ணம். மியே மாநிலத்து சு நகரில் யாரோ இரண்டையும் சேர்த்து, இறால் டெம்புராவை உருண்டைக்குள்ளேயே வைத்து 'தென்முசு' என்று ஆக்கிவிட்டார்கள். நகோயா பக்கம் போனால் விடாதீர்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காய் டெம்புரா என்றாலும் மாவில் முட்டை உண்டு, சட்டி இறாலுக்கும் அதேதான், தொட்டுக்கொள்ளும் சாற்றிலும், புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பிலும் மீன் சேரும். கறாராக இருப்பவர்கள் உமேபோஷி உருண்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அதிலும் மீன் துருவல் கலந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். முட்டை பரவாயில்லை என்பவர்கள் சாற்றை விட்டுவிட்டு உப்புத் தொட்டுச் சாப்பிடுங்கள். சர்க்கரைவள்ளிக்கும் தாமரைத் தண்டுக்கும் உப்புதான் பொருத்தமும்கூட.

ஒரு விஷயம் என்னை ரொம்பவே வருத்துகிறது. சில மாதங்களுக்கு முன் என் பக்கத்தில் உட்கார்ந்த இருவர், இறால் வந்ததும் விளக்கு வெளிச்சத்துக்குத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பத்து நிமிடம் படம் எடுத்தார்கள். தாய்ஷோ ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த இறாலைச் சட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் காதால் கணித்து எடுத்த நொடி அங்கே தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு படம் எடுங்கள், போதும். சூட்டோடு சாப்பிட்டுவிட்டால் அதைவிட மரியாதை அவருக்கு வேண்டாம்.

ஒனிகிரிக்கு ஒமுசுபி என்றும் பெயர். நிகிரு என்றால் கையால் இறுகப் பிடிப்பது, முசுபு என்றால் முடிச்சுப் போட்டுச் சேர்ப்பது. 1995 ஜனவரி 17ஆம் தேதி கோபே பகுதியை நிலநடுக்கம் தாக்கியது. 6,400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். வீடிழந்து நின்றவர்களுக்குத் தன்னார்வலர்கள் கையால் உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள். அதன் நினைவாகத்தான் ஜனவரி 17 இங்கே 'ஒமுசுபி நாள்'. நிலாவைக் காட்டி அம்மா கையில் உருட்டி வைத்த சோற்றைத் தின்று வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: அசகுசாவில் யாதொரொக்கு இருக்கிறது, 1954இல் தொடங்கியது, டோக்கியோவின் மிகப் பழைய ஒனிகிரிக் கடை. ஒட்சுகாவில் போங்கோ, 1960இலிருந்து. ஐம்பதுக்கும் மேற்பட்ட தொடுகறி, வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும்.

அந்தத் தம்பி ஊருக்குத் திரும்பிய அன்று காலை, எனக்குச் சொல்லாமலே மறுபடி அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். விமான நிலையத்தில் சாப்பிட இரண்டு உருண்டை வேண்டும் என்று சைகையில் கேட்டிருக்கிறார். மதியம் நரித்தாவிலிருந்து செய்தி வந்தது: "அண்ணா, நோரியைத் தனியா மடிச்சு வச்சிருக்காங்க. இப்பதான் சுத்தினேன். மொறுமொறுன்னு இருக்கு."