உடைவதற்கென்றே ஒரு பின்

(கடலூர் முதுநகர், உப்பனாற்றங்கரை. காலை ஏழு மணி. ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் தணிகாசலம், தம்முடைய பழைய 14 அடி ஃபைபர் படகின் தார்ப்பாயைக் கோயில் திரையை விலக்குவதுபோல் விலக்குகிறார். மைத்துனன் செல்வம் செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறான்.)

செல்வம்: அழகாகத்தான் இருக்கிறது மாமா. ஆனால் போன மாதம் ஒரு சாண் மேலே மிதந்ததே?

தணிகாசலம்: போன மாதம் அது வெறும் படகு. இப்போது பார். விளிம்புக்குத் தேக்கு, உட்காரத் திண்ணை, கரும்புச்சாறு கடைக்காரரிடம் வாங்கிய குடை, பித்தளை மணி.

செல்வம்: அந்த மணி பூஜை அறையில் இருந்தது இல்லையா?

தணிகாசலம்: ஏறு. நேரமாகிறது.

(கயிற்றை இழுக்கிறார். எஞ்சின் இருமுகிறது. ஒன்பதாவது இழுப்பில் உயிர் வருகிறது.)

செல்வம்: புகையைப் பார்த்தால் கொசு மருந்து வண்டி மாதிரி இருக்கிறதே!

தணிகாசலம்: டூ ஸ்ட்ரோக் அப்பா. பெட்ரோல் 50 பங்கு, ஆயில் 1 பங்கு. காபி டம்ளரால் அளந்து ஊற்றினேன்.

செல்வம்: இன்று காலை எனக்குக் காபி கொடுத்த டம்ளரா?

தணிகாசலம்: எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

செல்வம்: ஐயோ, எஞ்சினிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறது!

தணிகாசலம்: பீய்ச்ச வேண்டும். ஆற்று நீரை உறிஞ்சி, சூட்டைத் தணித்து வெளியே விடுகிறது. அது சொட்டுச் சொட்டாக வந்தால்தான் கவலை.

செல்வம்: உங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் டாக்டரிடம் அதைத்தான் சொல்கிறார்கள்.

தணிகாசலம்: சிரிக்காதே. இந்தப் படகு இனி மூழ்கவே மூழ்காது. 1961-இல் அமெரிக்காவில் பாஸ்டன் வேலர் படகுக் கம்பெனிக்காரர் ஃபிஷர் தம் படகில் உட்கார்ந்திருக்க, அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்தார்கள்; அவர் பாதிப் படகை ஓட்டிக்கொண்டு போனார். லைஃப் பத்திரிகையில் படம் வந்தது. உள்ளே முழுக்க ஃபோம்!

செல்வம்: வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி என்ன சொன்னாராம்?

தணிகாசலம்: அதைப் போடவில்லை. நானும் திண்ணைக்கு அடியில் ஃபோம் திணித்துவிட்டேன்.

செல்வம்: அக்கா ஒரு வாரமாகத் தேடும் சோபா மெத்தையா?

தணிகாசலம்: ஃபோம் என்றால் ஃபோம்தானே?

செல்வம்: மாமா, அவர் போட்டது நீர் புகாத ஃபோம். நீங்கள் போட்டது பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜுக்கு அண்ணன். ஆற்றையே குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. படகு ஏன் தாழ்ந்தது என்று இப்போது புரிகிறது.

(முகத்துவாரம் பக்கம். கீழே ‘கரக்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் அலறுகிறது, படகு நகரவில்லை.)

தணிகாசலம்: மணல் திட்டு! பயப்படாதே, ஷியர் பின் உடைந்திருக்கும். புரொப்பெல்லர் எதிலாவது மோதினால் அந்தச் சின்னப் பின் உடைந்து, உள்ளே இருக்கும் கியரைக் காப்பாற்றும். உடைவதற்கென்றே வைத்திருப்பது.

செல்வம்: உங்களுக்கும் அக்காவுக்கும் நடுவில் என்னை வைத்திருப்பதுபோல. சரி, மாற்றுப் பின்னைப் போடுங்கள்.

தணிகாசலம்: இரண்டு வைத்திருந்தேன்.

செல்வம்: இருந்தேன் என்றால்?

தணிகாசலம்: ஒன்று குடைக்காம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மற்றொன்றில்தான் மணி தொங்குகிறது. இரண்டையும் அளவுக்கு அராவிவிட்டேன்.

(அலைபேசி ஒலிக்கிறது. தணிகாசலம் திரையைப் பார்க்கிறார். சட்டென்று அதைச் செல்வத்தின் கையில் திணிக்கிறார்.)

தணிகாசலம்: உன் அக்கா. நீயே பேசு.

செல்வம்: எனக்கும் மாற்று கிடையாது மாமா.