வலிச்சா பார்த்துக்கலாம்

ஆறு வருடம் இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தேன். வலது கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தை. வலி கிடையாது. நாக்கு மட்டும் அவ்வப்போது போய் அந்தக் குழியைத் தடவிப் பார்த்துவிட்டு வரும். குழி பெரிதாகிக்கொண்டே போனது நாக்குக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் போகவில்லை.

யாராவது கேட்டால் நேரமில்லை என்பேன். பொய். அதே ஆறு வருடத்தில் மூக்குக் கண்ணாடியை இரண்டு தடவை மாற்றினேன், வண்டியை ஒழுங்காக சர்வீஸுக்கு விட்டேன்.

ஒருவர் மருத்துவரிடம் போவதையும் போகாமல் இருப்பதையும் எது தீர்மானிக்கிறது என்று ரொனால்ட் ஆண்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1968-ல் ஒரு கணக்குப் போட்டார். ஆளின் வயது, படிப்பு, நம்பிக்கை ஒரு பக்கம். பணம், காப்பீடு, தூரம் இன்னொரு பக்கம். மூன்றாவது, தேவை. பல் விஷயத்தில் இந்த மூன்றாவதுதான் நம்மை ஏமாற்றுகிறது. எனாமலில் நரம்பு கிடையாது. சொத்தை அதைத் தின்று முடிக்கும்வரை ஒரு சத்தமும் வராது. அடுத்த அடுக்குக்குப் போனதும் குளிர்ச்சியோ இனிப்போ பட்டால் சுருக்கென்று இருக்கும். உள்ளே நரம்பு இருக்கும் பற்கூழைத் தொட்டால் ராத்திரி தூக்கம் போச்சு. இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால், பற்கூழ் செத்துவிட்டால் வலி தானாக நின்றுவிடும். எனக்கும் அப்படித்தான். இரண்டு ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு (வேறு எப்படிச் சொல்ல?) கிடந்தேன், மூன்றாம் நாள் வலி போய்விட்டது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். வேருக்கு அடியில் சீழ் கட்டிக்கொண்டிருந்தது.

பணம் காரணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சின்னதாக அடைத்திருந்தால் முடிந்திருக்கும் பல், தள்ளிப்போட்டால் வேர் சிகிச்சை, அதற்கு மேலே ஒரு கேப் என்று வளரும். கையில் காசு இல்லாதவர்தான் தள்ளிப்போடுகிறார், கடைசியில் அவருக்கே செலவும் அதிகம். அதுவும் ஒரே நாளில் முடியாத சிகிச்சை. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும். அரசாங்கங்களும் வாயைத் தனியாகத்தான் வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் முதியோருக்காக 1965-ல் கொண்டுவந்த மெடிக்கேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு, வழக்கமான பல் சிகிச்சையைச் சேர்க்கவே இல்லை. பிரிட்டனில் 1948-ல் தேசிய சுகாதாரத் திட்டத்தை எல்லாம் இலவசம் என்று தொடங்கினார்கள். மூன்றே வருடத்தில் பல் செட்டுக்குக் கட்டணம் என்றார்கள். அந்தத் திட்டத்தைக் கட்டி எழுப்பிய அமைச்சர் அனைரின் பெவன் அதை எதிர்த்துப் பதவியை விட்டே போனார். உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. அத்தனை பேரும் சோம்பேறிகளா?

ஆனால் என்னிடம் பணம் இருந்தது. அதனால் அந்தச் சாக்கு எனக்குச் செல்லாது.

பயமா? கொஞ்சம் இருந்தது. 1969-ல் நார்மன் கோரா என்பவர் பல் மருத்துவ பயத்தை அளக்க நாலே நாலு கேள்வி வைத்தார். நாளைக்குப் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், வெளியே காத்திருக்கும்போது எப்படி, நாற்காலியில் உட்கார்ந்தபின் டிரில்லைத் தயார் செய்யும்போது எப்படி, க்ளீனிங்குக்கு ஆயுதங்களை எடுத்து வைக்கும்போது எப்படி. நாலும் காத்திருப்பதைப் பற்றித்தான். டிரில் பல்லில் படும் நேரத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. மனிதர் விஷயம் தெரிந்தவர்.

பயத்தைவிட என்னைத் தடுத்தது வெட்கம். இந்தச் சொத்தைக்கு முன்னால் ஒரு தடவை வேறொரு பல்லுக்காகப் போயிருந்தேன். வாயைத் திறந்து வைத்திருக்கிறேன், எச்சில் உறிஞ்சும் குழாய் உதட்டோரம் தொங்குகிறது. "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? பல் தேய்க்கிற பழக்கமே இல்லையா?" என்றார் டாக்டர். பக்கத்தில் நின்ற உதவியாளர் சிரிப்பை அடக்கியது மேலே இருந்த விளக்கின் கண்ணாடியில் தெரிந்தது. பதில் சொல்ல வாய் இல்லை. அடுத்த தேதி குறித்துக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை எங்கே போட்டேன் என்றே தெரியாது. அதற்கப்புறம் தள்ளிப்போடப்போட இன்னும் அதிகம் திட்டு விழும் என்ற பயம், அதனால் இன்னும் தள்ளிப்போடுவது. இந்த வட்டத்தில் எத்தனையோ பேர் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. போதிய விழிப்புணர்வு இல்லை என்று போஸ்டர் ஒட்டுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

கன்னம் வீங்கிய பிறகுதான் வேறொரு டாக்டரிடம் போனேன். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "முதல்ல எது தொந்தரவு பண்ணுதுன்னு நீங்களே காட்டுங்க" என்றார். அப்புறம், "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்." வலிக்காமலேயே ஒரு தடவை தூக்கிப் பார்த்தேன். நிறுத்தினார்.

பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்தாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டுமா என்று கேட்டேன். எல்லோருக்கும் அதே கணக்கு இல்லையாம். பிரிட்டிஷ் வழிகாட்டுதலே பெரியவர்களுக்கு ஆளைப் பொறுத்து மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை விடுகிறது. எனக்கு ஈறு சுமார் என்பதால் நாலு மாதம்.

போன மாதம் அந்தத் தேதியைத் தள்ளிப்போட போன் செய்தேன், ஒத்துக்கொள்கிறேன். எடுத்தவர் ஏன் என்று கேட்கவில்லை, "சரிங்க, எந்த நாள் தோதுப்படும்?" என்றார். வரும் வியாழக்கிழமை போகிறேன்.