கோடைக்கு மட்டும் கலிபோர்னியா

படிப்பது டெக்சாஸில். அங்கே மாநில வருமான வரியே கிடையாது. கோடை இன்டர்ன்ஷிப்புக்குக் கலிபோர்னியா போனேன், அங்கே வேலை பார்த்துச் சம்பாதித்ததற்கு அந்த மாநிலம் வரி பிடித்துக்கொண்டது. சரி, பிடிக்கட்டும். ஆனால் இந்தப் படிவங்கள்! ஃபெடரலுக்கு, அதாவது அமெரிக்க மத்திய அரசுக்கு, 1040-என்ஆர்; கலிபோர்னியாவுக்கு 540என்ஆர். ஃபெடரலில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவரை பொதுவாக முதல் 5 காலண்டர் வருஷம் வரிக் கணக்கில் இங்கே குடியிராத வெளிநாட்டவராகவே வைத்திருப்பார்கள். கலிபோர்னியாவோ விசாவை விட்டுவிட்டு, நிரந்தரமாக இருக்க வந்தாயா, தற்காலிகமாகவா என்று பார்க்கிறது. இந்தியாவோடு அமெரிக்கா போட்ட வரி ஒப்பந்தம் இருக்கிறதே என்றால், அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்கிறது. ஒரே நாடுதானே ஐயா? ஃபெடரல் படிவத்தை முடித்துத் தந்த மென்பொருள், மாநிலத்துக்குத் தனிக் காசு கேட்கிறது. கல்லூரி அலுவலகத்தில் கேட்டால், "வரி ஆலோசனை நாங்கள் சொல்லக்கூடாது." வேறு யார்தான் சொல்வார்கள்?