வி.ஆர். கண்ணாடியை முதலில் மண்டோர் மாட்டட்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஆபீஸ் வேலை பார்க்கும் நண்பர் கேட்டார்: "மண்டோருக்கும் (மேற்பார்வையாளர்) பழம் வெட்டுகிறவர்களுக்கும் ஓயாத சண்டை. வி.ஆர். பயிற்சி கொடுத்தால் குறையும் என்கிறார்களே, உண்மையா?"

குறையும் என்றுதான் நினைக்கிறேன். வி.ஆர். (மெய்நிகர் காட்சி) கண்ணாடியை மாட்டினால் அடுத்தவர் இடத்திலேயே நிற்பது போல இருக்கும். ஆனால் கண்ணாடியை முதலில் தொழிலாளிக்கு மாட்டாதீர்கள். மண்டோர், கிராணி (கணக்கர்), மானேஜர் மாட்டட்டும்.

சண்டை பெரும்பாலும் காய்க்குலையில்தான் தொடங்குகிறது. பழுக்காததை வெட்டிவிட்டான் என்று ஏச்சு, அப்புறம் பிடித்தம். மரத்தடியில் நின்று பாருங்கள். வயதான செம்பனையில் குலை 30 அடி உயரத்தில் மட்டைகளுக்கு நடுவே பதுங்கியிருக்கும். அண்ணாந்தால் கண்ணில் வெயில், முகத்தில் தூசி. கீழே உதிரி, அதாவது குலையிலிருந்து தானாக உதிர்ந்த பழம், கிடக்கிறதா என்று பார்த்துத்தான் பழுத்ததை அறிய வேண்டும். புல் மண்டிக் கிடந்தால் உதிரி எங்கே தெரியும்? இத்தனைக்கும் நடுவில் கையில் குலை வெட்டும் நீளக் கம்பின் பாரம். வாயால் சொன்னால் சாக்கு என்பார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இன்று வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியர், பங்களாதேஷ்காரர். நம் தாத்தாக்கள் துரையிடமும் கங்காணியிடமும் வாங்கிய அதே ஏச்சை, இன்று நம் ஆட்களில் சிலர் அவர்கள் மேல் கொட்டுகிறார்கள். எனக்கு இது வெட்கமாக இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வேலை போய், வீடும் போய் தெருவுக்கு வருகிறவரின் நிலையைச் சிலர் வி.ஆரில் அனுபவித்தார்கள், சிலர் கதையாகப் படித்தார்கள். குறைந்த செலவு வீடுகளுக்கான மனுவில், வி.ஆரில் பார்த்தவர்களில் 82 சதவீதம் பேர் கையெழுத்திட்டார்கள். படித்தவர்களில் 67 சதவீதம். ஆனால் 2021இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வி.ஆர். மனதை உருக்குகிறது, எதிராளி என்ன நினைக்கிறார் என்று யோசிக்கும் திறனை வளர்ப்பதில்லை என்று தெரிந்தது. படிக்க வைப்பது போன்ற மலிவான வழிகளை விடப் பெரிய லாபமும் இல்லையாம்.

சரி, அப்படியானால் வேண்டாமா? நம் தோட்டத்தில் ஒரே பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) மூன்று மொழி பேசுகிறவர்கள் நிற்கிறார்கள். எந்த மொழியில் எழுதிக் கொடுத்து யாரைப் படிக்கச் சொல்வது? கண்ணால் பார்ப்பதற்கு மொழி தேவையில்லை. கண்ணாடியைக் கழற்றியதும் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச வைக்க வேண்டும், அவ்வளவுதான். காய்க்குலை இருக்கிறதென்று மில்லில் லோரியைத் திருப்பி அனுப்பினால் கிராணி யாரிடம் திட்டு வாங்குகிறார் என்பதைத் தொழிலாளியும் அங்கே கேட்டுக்கொள்ளட்டும்.

பிடித்தக் கணக்கு தப்பாக இருந்தால் அதைக் கணக்குப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். எந்தக் கண்ணாடியும் அதற்கு உதவாது. படத்தையும் வெளியூரில் வாங்காமல் நம் தோட்டத்திலேயே, வெட்டுகிறவரின் தலையில் கேமரா கட்டி எடுக்க வேண்டும். எடுத்ததில் எதைக் காட்டுவது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.